சிவப்பு ஜாஸ்தி

ஆகஸ்ட் 4, திங்கள்

கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்துவிட்டது. காலையில் பொத்தானை அமுக்கினால் உள்ளே விசிறி ரெண்டு தடவை இருமியது, அதோடு சரி. இத்தாலி கண்காட்சிக்குப் பதினாலு கலர் தோலையும் படம் பிடித்து, கலர் பிசகாமல் சரிபண்ணி, கலர் காட்டுகிற ஷேடு கார்டாக அனுப்பணும். மாசக் கடைசிதான் கெடு. இந்த நேரம் பார்த்தா இது சாகணும்?

முதலாளி சமீருல்லா சார் ஒரு வார்த்தை திட்டாமல் புதுசே வாங்கச் சொல்லிவிட்டார். வேலூர் லாங் பஜார் பக்கம் கடை வைத்திருக்கிற முஸம்மிலுக்குப் போன் போட்டேன். புதன்கிழமை வந்து மாட்டித் தர்றானாம்.

மத்தியானம் வழக்கம்போல நசீர் பாய் வந்தார். ஃபினிஷிங் பிரிவு அவர் கையில். தோலுக்குக் கடைசிக் கலர் அடித்து வெளியே அனுப்புகிறவர். எங்கள் தோல் கம்பெனியில் கலர் தகராறை யாரும் டியூப்லைட் கீழே பேசமாட்டார்கள். ரெண்டு துண்டையும் தூக்கிக்கொண்டு வெளியே முற்றத்துக்கு வந்துவிடணும், பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கணும், அப்புறம்தான் பேச்சு. ஆறு வருஷமாக அந்தப் பேச்சில் கடைசி வார்த்தை என்னுடையது. "தமிழு, எது பச்சை அடிக்குது, சொல்லு" என்று ரெண்டு பிரவுன் துண்டை நீட்டினார்.

எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எப்பவுமே ஒண்ணுதான்.

ஆனால் கேட்கிறவர் முகத்தைப் பார்த்தால் அவர் மனசு எந்தத் துண்டு பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். வாங்கி, நாலு தடவை திருப்பி, உதட்டைப் பிதுக்கி, அவர் சாய்கிற பக்கமே சாய்ந்தேன். "அதானே, நானும் அதத்தான் சொன்னேன்" என்று சந்தோஷமாகப் போய்விட்டார். "தமிழு கண்ணுன்னா கண்ணு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவரே அவர்தான். கேட்டால் நான் சட்டென்று வேறு பேச்சுக்கு மாறிவிடுவேன்.

ஆகஸ்ட் 5

எழுதி வைக்கிறேன், இங்கேயாவது. எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. பிறவியிலேயே. நாட்றம்பள்ளியில் படிக்கிறவரைக்கும் எனக்கே தெரியாது. ரயில்வே மெடிக்கலில் புள்ளி புள்ளியாக ஒரு புஸ்தகத்தை நீட்டி என்ன நம்பர் தெரியுது என்றார்கள். நம்பரா? புள்ளிதான் இருந்தது. அந்த வேலை அங்கேயே போச்சு. அப்புறம் வேலூரில் ஒரு ஸ்டுடியோ. கல்யாண ஆல்பத்தில் பொண்ணு முகம் பச்சைப் பாசி மாதிரி இருக்கிறதாகச் சண்டை. அந்த வேலையும் போச்சு.

பிறகு எப்படிடா கலர் வேலையில் உட்கார்ந்தாய் என்றால், எண். அப்ரூவ் ஆன சாம்பிள் தோலைக் கலர் அளக்கிற லேப் மீட்டரில் அளந்து, அந்த அளவைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூணு எண்ணாக மாற்றி மனப்பாடம் பண்ணிவிடுவேன். போட்டோ சாஃப்ட்வேரில் அம்புக்குறியை எங்கே வைக்கிறோமோ அந்த இடத்து எண்ணை அது காட்டும். எண் ஒட்டுகிறவரைக்கும் படத்தை இழுக்கிறது, அவ்வளவுதான். ஒயின் கலர் 104, 38, 46. ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது எப்படி இருக்கும் என்று கேட்டால்? தெரியாது. சாக்லேட் மாதிரி ஒரு அழுக்கு.

மேகலாவுக்கு மட்டும் தெரியும். பொண்டாட்டியிடம் எத்தனை நாள் மறைக்கிறது? கம்பெனியில் தெரிந்தால் அன்றைக்கே கிளம்பணும். கலர் தெரியாதவனுக்குத் தோல் கம்பெனியில் என்ன வேலை, நானே முதலாளியாக இருந்தாலும் அனுப்பிவிடுவேன்.

ஆகஸ்ட் 6

புதுக் கம்ப்யூட்டர். பழையது ஒரு படம் திறக்கிற நேரத்தில் இது பத்து திறக்கிறது. முஸம்மில் எல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, செட்டிங் எதையும் தொடவில்லை, வந்தபடியே விட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனான்.

லேப் மீட்டர் சர்வீசுக்குச் சென்னை போயிருக்கிறது. எப்போ வரும் என்று யாருக்கும் தெரியாது. பரவாயில்லை, எண் எல்லாம் மண்டையில் இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையிலிருந்து ஒரே பேஜார். புது லாட்டில் ஒயின் கலர் தோலைப் படம் பிடித்துத் திறந்தால் சிவப்பு 120. 104 இருக்கணும். விளக்கு மாற்றினேன், 120. கேமராவைத் துடைத்தேன், 120. டேன் கலர், அந்த இளம் பிரவுன், எடுத்தேன், அதிலும் சிவப்பு ஏறித்தான் நிற்கிறது. கருப்பும் சாம்பலும் மட்டும் கச்சிதம். கருப்பு சரியாக இருந்தால் விளக்கு சரி, கேமரா சரி. அப்போ தோல்தான் தப்பு.

நசீர் பாய் ஜும்மா தொழுகை முடித்து வந்ததும் சொன்னேன், இந்த லாட்டில் சிவப்பு ஏறிப்போச்சு என்று. ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். தோலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனோம். சாம்பிளையும் லாட்டுத் தோலையும் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். தனக்குச் சரியாகத்தான் தெரிகிறது என்றார். அவர் முகமும் அதையேதான் சொன்னது, ஒளிவு மறைவே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

ஆனால் 120. எண் இருக்கும்போது முகத்தை எதற்குப் பார்க்கணும்?

தோலைக் கையில் வாங்கி, பெரிய இவன் மாதிரி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "சிவப்பு ஜாஸ்தி பாய்" என்றேன்.

அவர் எதிர்ப்பேச்சு பேசவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தோலை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்படிப் போயிருக்கக் கூடாது. ரெண்டு வார்த்தை சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 9

பதினாலு படத்தையும் என் எண்ணுக்கு இழுத்து முடித்தேன். எல்லாம் ஒட்டிவிட்டது. ஏன் சந்தோஷமாக இல்லை?

ஆகஸ்ட் 12

ஃபினிஷிங்கில் ஒயின் லாட்டை மறுபடி ஸ்ப்ரே பண்ணுகிறார்கள், சிவப்பைக் குறைத்து. என் படத்தை அச்சடித்துச் சுவரில் ஒட்டி, அதுக்குச் சமமாகக் கொண்டுவருகிறார்களாம். தோலுக்குப் படமா, படத்துக்குத் தோலா? சிரிக்கணும் போல இருந்தது, சிரிப்பு வரவில்லை.

பக்கத்து மேஜை அஃப்ஷா, கார்டு டிசைன் பண்ணுகிற பொண்ணு, இந்த வருஷம்தான் சேர்ந்தாள். தன் திரையில் என் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒயின் கலரு கொஞ்சம் செத்த மாதிரி இல்ல?" என்றாள். உன் மானிட்டரை முதலில் ஒழுங்காக வை, அப்புறம் என் கலரில் குறை சொல்லு என்று எரிந்து விழுந்தேன். பாவம், குனிந்துகொண்டாள். அவள் மானிட்டரைக் கலர் பார்த்து வைத்ததே நான்தான், போன மாசம்.

நம்மளுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருது?

ஆகஸ்ட் 14

நசீர் பாய் அரை நாள் லீவு. எங்கே என்று கேட்டேன். வேலூருக்குக் கண் டாக்டரைப் பார்க்கப் போனாராம்.

சாயந்திரம் கேட்டருகே பிடித்தேன். டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, வயசுக்குத் தகுந்த கண்ணுதான், ஒன்றும் இல்லை என்றாராம். "டாக்டருக்குத் தோலைப் பத்தி இன்னா தெரியும்?" என்று சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் ஏறவில்லை. அந்த லாட்டை நாலு பேரிடம் காட்டியிருக்கிறார், நாலு பேரும் சரியாக இருக்கிறது என்றார்களாம். நாலு பேரையும் விட்டுவிட்டு என்னை நம்பியிருக்கிறார்.



ஆகஸ்ட் 18, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

கார்டில் போன சீசன் ஒயினையும் பக்கத்தில் வைக்கலாம் என்று பழைய படத்தைத் திறந்தேன். 104, 38, 46. சமர்த்து. அதை வெட்டிப் புதுக் கார்டில் ஒட்டினேன். ஒட்டினதும் 120, 33, 42 ஆகிவிட்டது. கை பட்டுவிட்டதோ என்று அழித்து மறுபடி ஒட்டினேன். 120.

அதே 120.

படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில், எண் எந்தக் கலர் கணக்கில் என்று சொல்கிற ப்ரொஃபைல் பேர் இருக்கும், யாரும் பார்க்கிறதில்லை. பழைய படத்தின் அடியில் அடோபி ஆர்ஜிபி. புதுக் கார்டின் அடியில் எஸ்ஆர்ஜிபி. பழைய கம்ப்யூட்டரில் வொர்க்கிங் ஸ்பேஸை அடோபி ஆர்ஜிபி என்று நானே வைத்தேன், ஆறு வருஷம் முன்னாடி, வைத்ததையே மறந்துபோனேன். என் மனப்பாடம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். புதுக் கம்ப்யூட்டர் வந்தபடியே எஸ்ஆர்ஜிபியில் இருக்கிறது. முஸம்மில் தொடவில்லை. நானும் பார்க்கவில்லை.

"பத்து" என்று மட்டும் சொன்னால் பத்து கிலோவா, பத்து கிராமா? அது மாதிரிதான், கலர் அதேதான், கணக்கு மாறினால் எண் மாறும். ப்ரொஃபைல் இல்லாத எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இந்த லாட்டுத் தோலின் சிவப்பு எஸ்ஆர்ஜிபி கணக்கில் 120 இருக்கிறதுதான் சரி. தோல் சரி. விளக்கு சரி. நசீர் பாய் சரி. அந்த நாலு பேரும் சரி.

இதிலே இன்னொரு கூத்து. இந்த ரெண்டு ஸ்பேஸுக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, நீலத்தில் ரொம்பக் கம்மி. முக்கியமாக மாறுகிறது சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில்தான். உலகத்தில் வேறு எவன் மேஜையில் இது நடந்திருந்தாலும் தோலையும் திரையையும் ஒரு தடவை பார்த்ததுமே தப்பைப் பிடித்திருப்பான். அஃப்ஷா பார்த்தாள். சொன்னாள். நான் வாயை அடைத்தேன்.

ஆகஸ்ட் 19

காலையில் முதல் வேலையாக சமீருல்லா சாரிடம் போனேன். நசீர் பாயும் இருந்தார். புதுக் கம்ப்யூட்டரில் கலர் செட்டிங் மாறிவிட்டது, என் தப்பு, ஸ்ப்ரேயை நிறுத்துங்கள் என்றேன். பாதி லாட்டுக்கு மேல் அடித்தாச்சு. சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அடித்ததை உள்ளூர்ச் செருப்புக்கு அனுப்பலாம், மீதியைக் காப்பாற்று, படங்களை மறுபடி பண்ணு என்றார். மெஷின்தானே, யாருக்கும் நடக்கும் என்று சொல்லிவிட்டார். வேலை போகவில்லை. நான் பிழைத்தேன்.

வெளியே வந்தால் நசீர் பாய் கூடவே நடந்து வந்தார். மெதுவாகக் கேட்டார்.

"திரை தப்பு, சரி. ஆனா அன்னைக்கு வெளிய வெச்சு, நீ தோலைத்தானே கையில புடிச்சுப் பார்த்து ஜாஸ்தின்னே?"

திரையைப் பார்த்த ஞாபகத்திலேயே சொல்லிவிட்டேன் பாய், அவசரம், என்று உளறினேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை. என்னைச் சந்தேகப்பட்டால்கூடப் பரவாயில்லை, அவர் சந்தேகப்பட்டது தன் கண்ணை. தமிழு அவசரத்தில் சொன்னாலும் அவன் கண் தப்பாது, தோலில் ஏதோ இருந்திருக்கும், தனக்குத்தான் இப்போதெல்லாம் தெரியவில்லை என்று சொன்னார். கண்காட்சி முடிந்ததும் ஃபினிஷிங்குக்கு வேறு ஆளைப் போடச் சொல்லி முதலாளியிடம் பேசப்போகிறாராம்.

இருபத்தெட்டு வருஷ ஃபினிஷிங். என்னால்.

ஆகஸ்ட் 20

மேகலாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். அந்த மனுஷன் கண்ணை நீ புடுங்கி உன் மூஞ்சியில வெச்சுக்கிட்டியே என்றாள். கோபம் வந்தது. வேலை போய்விடும், வீட்டு வாடகை யார் கட்டுவது, திரும்பவும் கல்யாண வீட்டில் கேமரா தூக்கவா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"போனா போவட்டும். அவரு கண்ணு போச்சுன்னு நெனச்சிக்கினு வீட்டுக்குப் போறாரே, அது?"

வண்டியை எடுத்துக்கொண்டு சும்மா பைபாஸ் வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 21

இன்றைக்குச் சொல்லலாம் என்று போனேன். ஸ்ப்ரே மெஷின் சத்தமாக இருந்தது. அதைச் சாக்காக வைத்துத் திரும்பி வந்துவிட்டேன். தூ.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

டீ நேரத்தில் முற்றத்துக்குக் கூப்பிட்டேன். கையில் ஏதாவது துண்டு கொண்டுவருகிறேனா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. எனக்குச் சிவப்பு, பச்சை பிரியாது பாய், பிறந்ததிலிருந்தே, அன்றைக்கு நான் தோலைப் பார்த்துச் சொல்லவில்லை, எண்ணை வைத்துச் சொன்னேன், உங்கள் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

முதலில் சிரித்தார், நான் அவரைத் தேற்றுகிறதாக நினைத்துக்கொண்டு. அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

"அப்போ இத்தன வருஷமா நான் கேட்டப்பல்லாம்?"

"உங்க மூஞ்சியப் பார்த்துச் சொன்னேன் பாய்."

டீயை அப்படியே கீழே ஊற்றினார். திட்டுவார் என்று நின்றேன், திட்டவில்லை. கண் போய்விட்டது என்று நினைத்து வீட்டில்கூடச் சொல்லாமல் இருந்தாராம். மகள் வீட்டுக்குப் போனால் பேத்தியின் பாவாடை என்ன கலர் என்று மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாராம், சரியாகச் சொல்கிறோமா என்று. "நீ முன்னாடியே சொல்லியிருந்தா நான் உன்ன விட்டுருப்பனா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நானே போய் சமீருல்லா சாரிடமும் சொன்னேன். யோசிக்கணும் என்றார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 25

கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, இது இன்னா கலரு, அது இன்னா கலரு. கேன்டீனில் பச்சை மிளகாயும் காய்ந்த மிளகாயும் கொண்டுவந்து நீட்டினான் ஒருத்தன். ரெண்டையும் கடித்துக் காட்டுடா, அப்புறம் சொல்றேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

நசீர் பாய் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆகஸ்ட் 27

பதினாலு படத்தையும் மறுபடி முடித்தாச்சு. வொர்க்கிங் ஸ்பேஸ் பழையபடி அடோபி ஆர்ஜிபி. ப்ரொஃபைல் பொருந்தாத படத்தைத் திறந்தால் என்னைக் கேட்காமல் ஒன்றும் பண்ணாதே என்று வைத்துவிட்டேன். வாங்குகிறவர்களுக்குப் போகிற படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, ப்ரொஃபைலையும் உள்ளேயே பதித்து அனுப்புகிறேன். மாற்றுவது வேறு, வெறும் பேரை மட்டும் ஒட்டுவது வேறு. பேரை மட்டும் ஒட்டினால் எண் அப்படியே இருக்கும், கலர் ஓடிவிடும்.

ஒவ்வொன்றையும் அஃப்ஷாவிடம் காட்டினேன். தோலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்பதாவதில், இந்த டேன் இன்னும் கொஞ்சம் சூடா இருக்கணும் அண்ணா என்றாள். எண்ணைப் பார்த்தேன், ரெண்டு கம்மி. அன்றைக்கு எரிந்து விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள்தான் கூச்சப்பட்டாள்.

ஆகஸ்ட் 30

சார் கூப்பிட்டார். கார்டும் படமும் என்னிடமே இருக்கும். கலருக்கு ஓகே சொல்கிறது இனி அஃப்ஷா. முற்றத்துப் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடக் கூடாது என்று எல்லாப் பிரிவுக்கும் சொல்லியாச்சாம். நசீர் பாய்தான் ஃபினிஷிங்கில் தொடர்கிறார், அவரிடமும் பேசியாச்சாம்.

வீட்டுக்கு வந்து மேகலாவிடம் சொன்னதும் சாமி படக் காலண்டரைப் பார்த்தாள், எந்த சாமிக்கு நேர்ந்துகொண்டாளோ. நான் சந்தோஷப்பட்டிருக்கணும். யாரும் என்னைக் கேட்கக் கூடாது என்றுதானே இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டேன்.

செப்டம்பர் 26

இத்தாலியிலிருந்து சேதி. கார்டும் தோலும் ஒண்ணுக்கொண்ணு அப்படியே இருக்கிறதாம். ஒயினுக்கு ஆர்டர். அஃப்ஷா எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

அஃப்ஷா லீவு, தங்கச்சிக்கு நிச்சயம்.

பதினொரு மணிபோல நசீர் பாய் வாசலில் வந்து நின்றார். கையில் ரெண்டு ஒயின் துண்டு. மேஜையைப் பார்த்தார், "அந்தப் பொண்ணு இல்லியா?" என்றார். லீவு என்றேன். தலையாட்டிவிட்டுத் திரும்பினார். அன்றைக்கு டீயைக் கொட்டினதிலிருந்து என்னோடு அவர் பேசின முதல் வார்த்தை அதுதான்.

அவர் முதுகைப் பார்த்ததும் எனக்கு என்னமோ பண்ணியது. நான் என்ன, செத்தா போய்விட்டேன்?

"பாய், கொண்டாங்க இப்படி" என்றேன்.

தயங்கித் தயங்கிக் கொடுத்தார். ரெண்டையும் விளக்கடியில் வைத்துப் படம் பிடித்தேன். திறந்தேன். முதலில் அடியில் ப்ரொஃபைல் பேரைப் பார்த்தேன், அப்புறம் எண்ணை. இடது பக்கத் துண்டில் சிவப்பு மூணு கம்மி, வலது பக்கம் சாம்பிளோடு ஒட்டுகிறது என்று சொன்னேன். கண்ணுக்குத் தெரிகிறமாதிரி என்று எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

அவர் துண்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எழுந்து கதவு வரைக்கும் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் வெயில் படாத இடமாகப் பார்த்து நின்று, ரெண்டையும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை. தானே பார்க்கிறார்.

அவ்வளவு நேரம் என்ன பார்வை? நான் சொன்னதில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது.

பார்க்கட்டும். நல்லாப் பார்க்கட்டும். நான் சொன்னதுதான் சரி.